டிஎஸ்பி பெட்டியை ஸ்பீக்கரில் மாட்டும் முன் வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

தாழ்ந்த ஒலிக்கான வூஃபருக்கு ஒரு ஆம்ப், உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப், அடிமட்ட பேஸுக்கான சப்புக்கு (சப்வூஃபர்) ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்து ஓட்டப் போகிறவர்களுக்கு ஒரு மல்டிசேனல் ஆடியோ பிராசஸர் தேவை. எந்த அலைவரிசை எந்த யூனிட்டுக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் பெட்டி அது. கடையில் டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் பிராசஸர்) என்று கேட்டால் போதும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது எத்தனை சேனல், எத்தனை பிட் என்றுதான். பாட்டு ஓடாதபோது அது எவ்வளவு இரைகிறது, கரண்ட் போய் வரும்போது ஸ்பீக்கரை என்ன செய்கிறது என்ற இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்வேன்.

தேவையானவை: ஒரு லேப்டாப், லைன் இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு, நாலைந்து ஆர்சிஏ வயர், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற ஒலி அளக்கும் மென்பொருள், போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஒரு பழைய ஸ்பீக்கர். லேப்டாப்பின் மைக் துளையை லைன் இன் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது.

படி 1: வெளியீடுகளை எண்ணுங்கள்

டூ-வே ஸ்டீரியோவுக்கு (ஒரு பக்கத்துக்கு வூஃபர், ட்வீட்டர் என இரண்டு யூனிட்) 4 வெளியீடு. ஒரு சப் சேர்ந்தால் 5. த்ரீ-வேக்கு 6, இரண்டு சப்போடு 8. மினிடிஎஸ்பி 2×4 எச்டி போன்ற பெட்டியில் 2 உள்ளீடு, 4 வெளியீடு. ஏடிஏயு1701 சிப் வைத்து மலிவாக வரும் போர்டுகளிலும் அதே கணக்குதான். கற்றுக்கொள்ள அது போதும். பின்னால் சப் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே பெரியதைப் பாருங்கள்.

டிவியில் இருந்து ஆப்டிகல் வயர் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட பெட்டிகளில் பலவற்றுக்கு பிசிஎம் எனப்படும் சுருக்கப்படாத இரண்டு சேனல் டிஜிட்டல் ஒலி மட்டுமே புரியும். டிவி டால்பி அனுப்பினால் சத்தமே வராது, அல்லது கரகரவென்று இரையும். டிவி மெனுவில் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம்முக்கு மாற்றிவிட்டுச் சோதியுங்கள்.

எங்கள் பக்கத்தில் கோயில் கொடையும் சர்ச் திருவிழாவும் மாறி மாறி வருவதால் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்குக் குறைவில்லை. அவர்களிடம் இருந்து பழைய ரேக் பிராசஸர் மலிவாகக் கிடைக்கும். உருப்படியான பொருள்தான், ஆனால் அதன் வெளியீடு +20 டிபியு, அதாவது ஏழே முக்கால் வோல்ட் வரை போகும்படி செய்யப்பட்டது. வீட்டு ஆம்ப் ஒன்றிரண்டு வோல்ட்டிலேயே முழு சத்தத்துக்கு வந்துவிடும். ஆகவே பெட்டியின் திறனில் அடிப்பகுதியை மட்டும் பயன்படுத்துவீர்கள். இரைச்சல் மட்டும் முழுசாக வரும்.

படி 2: ஆன், ஆஃப்

பழைய ஸ்பீக்கரை ஆம்பில் மாட்டி, டிஎஸ்பியை ஆன் செய்யுங்கள், ஆஃப் செய்யுங்கள். பிறகு பிளக்கை நேராகப் பிடுங்கிப் பாருங்கள். காலவர்ஷக் காற்றில் தென்னை மட்டை லைனில் விழுந்து கரண்ட் கண் சிமிட்டுவது இங்கே வழக்கம்தானே, அதே நிலைமையை நாமே உண்டாக்குகிறோம். 'டப்' என்று பலமாக அடித்தால் அந்தப் பெட்டியை நேரடியாக ட்வீட்டர் ஆம்பில் மாட்டக் கூடாது. அடிக்காவிட்டாலும் 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் 22 மைக்ரோஃபாராட் நான்-போலார் கண்டன்சர் ஒன்றைத் தொடராகப் போட்டு வைப்பது நல்லது. சுமார் 900 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது குறைத்துவிடும். தவறிப்போய் வூஃபர் வெளியீட்டை ட்வீட்டரில் செருகினாலும் பிழைக்க வாய்ப்பு உண்டு.

கரண்ட் திரும்பி வந்ததும் நீங்கள் போட்ட கிராஸ்ஓவர் (அலைவரிசையைப் பிரிக்கும் செட்டிங்) அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். சில போர்டுகள் பிரித்தனுப்பும் கணக்கை மறந்துவிட்டு எல்லாவற்றையும் எல்லா வழியிலும் அனுப்பும். அப்படிப்பட்டதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 3: இரைச்சல்

எனக்கு இதுதான் முக்கியமான சோதனை. உள்ளீட்டில் ஒன்றும் ஓடாமல், டிஎஸ்பியை ஆம்பில் மாட்டி, தெரு அடங்கிய பிறகு ட்வீட்டருக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். பிறகு ஒரு மீட்டர் தள்ளி உட்காருங்கள். அங்கேயும் 'உஸ்' கேட்டால் தேறாது.

கணக்காகவும் பார்க்கலாம். 2 வோல்ட் வெளியீட்டுக்கு 86 டெசிபல் கீழே இரைச்சல் இருந்தால் அது 100 மைக்ரோவோல்ட். ஆம்பின் கெயின் 26 டெசிபல் என்றால் இருபது மடங்கு. ட்வீட்டரில் 2 மில்லிவோல்ட் வரும். 2.83 வோல்ட்டுக்கு 90 டெசிபல் தரும் ட்வீட்டரில் அது ஒரு மீட்டரில் சுமார் 27 டெசிபல், ராத்திரியில் காதில் விழும் அளவு. இதுவே 110 டெசிபல் கீழே இருந்தால் ஒரு மீட்டரில் மூன்றே டெசிபல், காதில் விழாது. விளம்பரத்தில் 24 பிட் என்று போட்டிருப்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது.

உஸ் என்பதற்குப் பதில் 'உம்' என்று வந்தால் பெரும்பாலும் குற்றவாளி டிஎஸ்பி இல்லை. கேபிள் டிவி வயரை செட்-டாப் பாக்ஸில் இருந்து கழற்றிப் பாருங்கள். ஹம்மிங் நின்றால் எர்த் லூப், அதாவது இரண்டு வழியில் எர்த் ஆகி வயரில் கரண்ட் சுற்றுவது. இன்வர்ட்டரிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சைன் வேவ் தராத பழைய இன்வர்ட்டரில் சில பெட்டிகள் தேனீக்கூடு போலக் கத்தும்.

படி 4: கிராஸ்ஓவர் சொன்னபடி வெட்டுகிறதா?

இங்கே ஸ்பீக்கர் வேண்டாம். முதலில் சவுண்ட் கார்டின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகி ஸ்வீப் (தாழ்விலிருந்து உயரம் வரை ஏறும் சோதனை ஒலி) எடுத்து, அதை கலிபரேஷனாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நடுவில் டிஎஸ்பியை நுழையுங்கள். 2000 ஹெர்ட்ஸில் லிங்க்விட்ஸ்-ரைலி என்ற வகையில் ஆக்டேவுக்கு 24 டெசிபல் லோ-பாஸ் (மேலே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) போட்டு ஸ்வீப் எடுத்தால், 2000 ஹெர்ட்ஸில் 6 டெசிபலும் 4000 ஹெர்ட்ஸில் சுமார் 24.6 டெசிபலும் இறங்கியிருக்க வேண்டும். எல்லா வெளியீட்டையும் இப்படியே பாருங்கள். ஒன்றுக்கொன்று அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கடைக்காரரிடம் கேள்வி கேட்கலாம்.

படி 5: தாமதம்

ஒரு வெளியீட்டுக்கு 1 மில்லிசெகண்ட் டிலே கொடுத்து, லூப்பேக் டைமிங்கோடு (சவுண்ட் கார்டின் இன்னொரு சேனலை நேராக அதன் உள்ளீட்டில் செருகி, அதை நேரக் கணக்குக்கு வைத்து) அளந்து பாருங்கள். காற்றில் அது சுமார் 34 சென்டிமீட்டர். பெட்டி உள்ளுக்குள் எடுத்துக்கொள்ளும் மொத்த நேரமும் அதிலேயே தெரியும். நீளமான எஃப்ஐஆர் ஃபில்டர் (பல ஒலி மாதிரிகளைக் கூட்டிக் கணக்கிடும் வகை) போட்டால் இது கூடும். பாட்டு கேட்க அதனால் தொந்தரவு இல்லை. டிவியில் உதடும் குரலும் பிரிவது, ஒலி 125 மில்லிசெகண்ட் அளவுக்குப் பிந்தும்போது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் பரிந்துரை கணக்குச் சொல்கிறது.

படி 6: காதால்

இப்போதுதான் நல்ல ஸ்பீக்கரில் மாட்டுங்கள். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை என்று இருக்கும் 12 அடி அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸ் வீங்கும். அது அறையின் குணம், பெட்டியின் மேல் பழி போடாதீர்கள். இரண்டு செட்டிங்கை ஒப்பிடும் முன் பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த சோதனை இரைச்சல்) ஓட்டி இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள். கூடுதலாகக் கேட்பதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

எதைக் கேட்பது என்றால், நல்ல வில்லுப்பாட்டுப் பதிவு ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். குடத்தின் அடி வூஃபரில், வில்லின் மணியும் ஜால்ராவும் ட்வீட்டரில், உடுக்கையும் பாடுகிறவரின் குரலும் இரண்டுக்கும் நடுவில். கிராஸ்ஓவரில் டிலே தப்பாக இருந்தால் உடுக்கையின் அடி மழுங்கும், குரல் ஸ்பீக்கருக்குள் போய்விட்டதுபோல இருக்கும். ட்வீட்டரின் போலாரிட்டியை (பிளஸ், மைனஸை) மட்டும் மாற்றி அதே வரியைத் திரும்பக் கேளுங்கள். குரல் மெலிந்தால் முதலில் வைத்தது சரி; நிறைந்தால் டிலேயைத் திரும்ப அளந்துவிட்டுத் தொடருங்கள்.