பிஜி பசங்களுக்கு கண் பிளாக் சொல்லிக் குடுக்கறது எப்படி

புது பிஜி, அதாவது மேல்படிப்பு படிக்கற டாக்டர், வந்த உடனே கண் ஆபரேஷனுக்கு மரத்துப்போற மருந்து போடற இந்த பிளாக் ஊசிய கையில குடுத்து போடுப்பான்னு விட்றாதீங்க. மொதல்ல பயோமெட்ரி ஷீட்ட, அதான் கண்ணோட அளவு எழுதின தாள, படிக்கச் சொல்லுங்க, ஆக்சியல் லெங்த், அதாவது கண்ணு முன்னாடிலேர்ந்து பின்னாடி வரைக்கும் நீளம், எவ்ளோன்னு அவங்க வாயாலயே வரணும். சாதாரணமா 23, 24 மில்லிமீட்டர் இருக்கும், 26 தாண்டிருச்சுன்னா நீளமான கண்ணு, பின்னாடி ஸ்க்ளீரா (கண்ணோட வெள்ளைச் சுவர்) மெலிஞ்சு பிதுங்கி இருக்கலாம், ஊசி உள்ள குத்திர்ற ரிஸ்க் ஜாஸ்தி, அங்க சப்டீனான்தான், அதாவது கூர் ஊசி இல்லாம, கண்ணச் சுத்தி இருக்கற டீனான் உறைக்கு அடியில மொட்டைக் குழாயால மருந்து விடறது. எந்தக் கண்ணுன்னு மார்க் இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்களா, ஐவி லைன் ஓடுதா, இதெல்லாமும் அவங்களே செக் பண்ணட்டும்.

அப்புறம் அனாட்டமி டிபார்ட்மென்ட்ல ஒரு மண்டையோடு கேட்டு வாங்கி ஆர்பிட் (கண்குழி) கீழ் விளிம்ப தடவிப் பாக்க விடுங்க. வெளிப்பக்கத்துலேர்ந்து மூணுல ஒரு பங்கு தள்ளி, அதான் பெரிபல்பர், அதாவது கண்ணச் சுத்தி ஊசியால மருந்து விடற பிளாக், போடற எடம். ஒரு இஞ்சுக்கு மேல நீடில் வேணாம், ஒன்றரை இஞ்ச் நீடில டிரேலயே வைக்காதீங்க.

பேஷன்ட் நேரா பாக்கணும், இதுல நான் ரொம்ப கறார். முன்னெல்லாம் மேல மூக்குப் பக்கம் பாருங்கன்னு சொல்லித்தான் குத்துவாங்க, 1981ல சிடி ஸ்கேன் வச்சுப் பாத்ததுல அப்படிப் பாத்தா ஆப்டிக் நெர்வ் (பார்வை நரம்பு) ஊசி வர்ற வழிக்கே வந்துருதுன்னு தெரிஞ்சுது, ஆனா சில சீனியருங்க பழக்கதோஷத்துல இன்னும் சொல்றாங்க, பசங்களும் அதையே பிடிச்சுக்கறாங்க.

ஆஸ்பிரேட் பண்ணிட்டு, அதாவது ரத்தம் வருதான்னு சிரிஞ்ச பின்னாடி இழுத்துப் பாத்துட்டு, மெதுவா தள்ளணும். வலிக்குதுன்னு துள்ளினாலோ, மருந்து போக மாட்டேன்னு முரண்டு பிடிச்சாலோ நிறுத்திரணும், பலவந்தமே கூடாது.

போட்ட உடனே பசங்க அடுத்த பெட்டுக்கு ஓடுவாங்க, விடாதீங்க. பக்கத்துலயே நின்னு, பாட்டி காலைல என்ன சாப்ட்டீங்க, பேரன் வந்திருக்கானான்னு பேச்சு குடுக்கணும். பேச்சு குழறுது, தூக்கமா சொக்குது, அடுத்த கண்ணு பாப்பா விரியுதுன்னா மருந்து மூளைத்தண்டுக்கு ஏறிருச்சு, மூச்சே நின்னுரும், ஆம்பு பேக் (கையால அமுக்கி மூச்சு குடுக்கற பை) கைக்கெட்டற தூரத்துல இருக்கணும். கண்ணு கல்லு மாதிரி இறுகி முன்னாடி தள்ளிட்டு வந்தா உள்ள ரத்தக்கசிவு, சர்ஜரிய தள்ளி வச்சுட்டு லேட்டரல் கேந்தாட்டமி (அழுத்தம் குறைய கண்ணோட வெளி ஓரத்த வெட்டி விடறது) தேவையான்னு உடனே பாக்கணும்.

சப்டீனான் பழக ஆட்டுக்கண்ணே போதும், கறிக்கடைல கன்ஜங்டைவா (வெள்ளை மேல இருக்கற மெல்லிய சவ்வு) ஒட்டிட்டு இருக்கற மாதிரி கேட்டு வாங்குங்க, இல்லன்னா சுத்தமா சீவிக் குடுத்துருவாங்க. கீழ் மூக்குப் பக்கம், லிம்பஸ்லேர்ந்து (கருவிழி, வெள்ளை சேர்ற விளிம்பு) 5 மில்லிமீட்டர் தள்ளி சின்னதா வெட்டி, மொட்டை கேனுலாவ, அதான் அந்த மொட்டைக் குழாய, ஸ்க்ளீராவ ஒட்டியே வழுக்கிட்டுப் போக பழகட்டும்.

பத்து நிமிஷம் கழிச்சும் கண்ணு அசைஞ்சா எந்தப் பக்கம் அசையுதுன்னு மொதல்ல கேளுங்க, அதுக்கு பதில் சொன்னப்புறம்தான் டாப் அப், அதாவது கூடுதல் மருந்து.