கிரீட் தீவில் எந்தப் பக்கம் தங்குவது?

கிரீட்டுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் ஹோட்டல் படங்களைப் பார்க்கிறார்கள். அதற்கு முன் சாலை நேரத்தைப் பாருங்கள். கிரேக்கத்தின் இந்தப் பெரிய தீவு கிழக்கு மேற்காக ஏறக்குறைய 260 கி.மீ. நீளம். நடுவே 2,400 மீட்டரைத் தாண்டும் மலைகள். விமான நிலையம் பக்கம் என்பதற்காக ஹெராக்லியோனில் அறை போட்டுவிட்டு, மேற்குக் கோடியில் இருக்கும் எலஃபோனிசி கடற்கரைக்கு ஒருநாள் போய்வரலாம் என்று கணக்குப் போடுவதுதான் பலருடைய விடுமுறையைக் கெடுக்கிறது. போக மட்டும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பவும் அதே அளவு.

வடக்குக் கரையோரமாக ஓடும் நெடுஞ்சாலைதான் தீவின் முதுகெலும்பு. ஹானியாவிலிருந்து ரெதிம்னோ ஒரு மணி நேரம், அங்கிருந்து ஹெராக்லியோன் இன்னும் ஒன்றேகால் மணி, பிறகு அயோஸ் நிகோலாஸ் ஒரு மணி, அதைத் தாண்டி சீத்தியாவுக்கு ஒன்றரை மணி. இந்தச் சாலையை விட்டுத் தெற்கே திரும்பினால் கி.மீ. கணக்கை நம்பாதீர்கள். மலைச்சாலையில் மணிக்கு 40 கி.மீ. போனாலே அதிகம்.

கடல்தான் முக்கியம் என்றால் மேற்கே ஹானியாவைத் தேர்ந்தெடுங்கள். தீவின் பேர்போன கடற்கரைகளான எலஃபோனிசி, பாலோஸ், ஃபலசர்னா மூன்றும் இந்தப் பக்கம்தான். எலஃபோனிசிக்கு ஹானியாவிலிருந்து ஒன்றரை மணி நேரம். காலை ஒன்பதுக்குள் போய்ச் சேர்ந்தால் இடம் கிடைக்கும், ஆழமில்லாத நீரில் பிள்ளைகளும் பயமில்லாமல் இறங்கலாம். பதினோரு மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவிந்துவிடும். பாலோஸுக்கு இரண்டு வழி. கிஸ்ஸமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் போகலாம். அல்லது கரடுமுரடான மண்சாலையில் சுமார் 8 கி.மீ. ஓட்டி, வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு இறங்கி நடக்கலாம். மண்சாலையில் டயரோ வண்டியின் அடிப்பாகமோ சேதமானால் வாடகைக் கார் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். திரும்பும்போது, நடந்து இறங்கிய தூரம் முழுவதும் வெயிலில் ஏற வேண்டும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படகுதான் சரி.

சமரியா பள்ளத்தாக்கில் நடக்க ஆசை இருந்தாலும் ஹானியாதான். வழக்கமாக மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். கடும் வெயிலோ மழையோ இருந்தால் மூடிவிடுவார்கள். ஓமாலோஸ் பீடபூமியில் 1,200 மீட்டருக்கு மேல் தொடங்கும் நடை, 16 கி.மீ. இறங்கி அயா ரூமெலியில் கடலைத் தொடுகிறது. அந்த ஊருக்கு வெளியுலகோடு சாலைத் தொடர்பு கிடையாது. படகில் சூயாவுக்கோ ஸ்ஃபாக்கியாவுக்கோ போய்த்தான் பேருந்து பிடிக்க வேண்டும். ஆகவே காரை ஓமாலோஸில் விட்டுவிட்டு நடக்காதீர்கள். அதை எடுக்க மறுபடி மலை ஏற வேண்டியிருக்கும். போகவும் வரவும் பேருந்தே நல்லது. மாலைப் படகின் நேரத்தை முந்தைய நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஹானியா பழைய நகரில் ஒரு எச்சரிக்கை: துறைமுகத்தை ஒட்டிய அறைகள் பார்க்க அழகு, ஆனால் கோடையில் நள்ளிரவு தாண்டியும் சத்தம் ஓயாது. இரண்டு தெரு உள்ளே தள்ளி எடுங்கள். சந்துகளுக்குள் கார் போகாது. வண்டியை வெளியே விட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

கார் ஓட்டாதவர்களுக்கு எங்கள் தேர்வு ரெதிம்னோ. ஊரை ஒட்டியே நீண்ட மணற்கடற்கரை, நடந்தே பார்க்கக்கூடிய பழைய நகரம், வெனிஸ்காரர்கள் கட்டிய கோட்டை, இருபுறமும் அடிக்கடி ஓடும் கேடெல் (KTEL) வெளியூர்ப் பேருந்துகள். ஹானியாவையும், ஹெராக்லியோன் அருகே க்னோசோஸில் உள்ள பழங்கால அரண்மனையையும் தனித்தனி நாளில் பார்த்துவிடலாம்.

ஹெராக்லியோன் பழங்காலத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு. கிரீட்டின் பழங்கால மினோவன் நாகரிகத்தின் அரண்மனை இருந்த க்னோசோஸ், இந்த நகரிலிருந்து 5 கி.மீ.தான், அங்கே தோண்டியெடுத்தவை நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டு இரவு போதும். அதன் கிழக்கே ஹெர்சோனிசோஸும் மாலியாவும் இரவு விருந்துக் கூட்டத்துக்கான ஊர்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் மலிவு விலையைப் பார்த்து அங்கே மாட்டிக்கொள்ள வேண்டாம். கூட்டம் குறைந்த இடம் வேண்டுமானால் லசீதி மாவட்டம்: சீத்தியா, வாய் (Vai) என்ற பேரீச்சந்தோப்புக் கடற்கரை, சாக்ரோஸ். அயோஸ் நிகோலாஸும் எலுண்டாவும் இதே மாவட்டம்தான், ஆனால் செலவு கூடும். 1957 வரை தொழுநோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைத்திருந்த ஸ்பினலோங்கா தீவுக்கு இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் படகு உண்டு.

ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று அடிக்கும். வடக்குக் கரையில் அலை உயரும், பாலோஸ் படகு ரத்தாகலாம். அப்படிப்பட்ட நாளில் தெற்கே போனால் கடல் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். ஆனால் பிளகியாஸ் போன்ற ஊர்களில் மலையிடுக்கு வழியாக இறங்கும் காற்று மணலை வாரி இறைக்கும். கிளம்பும் முன் அந்தந்த ஊரின் காற்று வேகத்தைப் பாருங்கள். நாள் உங்கள் கையில் இருந்தால் ஜூனையோ செப்டம்பர் கடைசியையோ எடுங்கள்.

ஐந்து நாள் என்றால் ஒரே ஊர். எட்டு நாளுக்கு மேல் இருந்தால் இரண்டு ஊர்: ஹானியாவில் இறங்கி ஹெராக்லியோனில் விமானம் ஏறும்படி டிக்கெட் போட்டால் திரும்பிவரும் பாதி நாள் மிச்சம். காரை ஒரு நகரில் எடுத்து இன்னொன்றில் விடத் தனிக் கட்டணம் கேட்கலாம், அதை விசாரித்த பிறகு டிக்கெட் எடுங்கள்.