பழனி மலையடிவாரக் குளங்களில் பருவத் தொடக்கத்து வாத்துகள்

காட்டு வாத்துகளைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், அக்டோபரில் வையாபுரிக் குளத்துக்கோ பாலாறு பொருந்தலாறு அணைக்கோ செல்வோர் இருகண்ணோக்கியை (பைனாகுலர்) மட்டும் எடுத்துச் செல்லவும். விடியற்காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுப்புறம் விழும். பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும்.

வலசை வரும் வாத்துகளான நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் முழுதாக மூழ்காமல், தலையை நீருக்குள் கவிழ்த்து மேய்பவை. ஆகவே, வடகிழக்குப் பருவமழையில் குளம் நிரம்பித் ததும்பும் நாள்களில் ஆழமான மதகுப் பக்கம் காத்திருப்பதைவிட, வாய்க்கால் வந்து சேரும் ஆழமற்ற நீர்ப்பரப்பைப் பார்ப்பதே பலன் தரும். சேற்றில் செருப்பு போனாலும் பரவாயில்லை.

பலரும் ஏமாறுவது ஆண் நீலச்சிறகியிடம்தான். அதன் வெள்ளைப் புருவப்பட்டை வலசைப் பருவத் தொடக்கத்தில் இராது. பெட்டையைப் போலவே பழுப்பாக, முகத்தில் கருங்கோடுகளுடன் மிதக்கும். அவசரப்பட்டுப் பெட்டை என்று குறித்துவிடாமல், அது எழுந்து பறக்கும்வரை பொறுத்திருந்து, முன்சிறகில் வெளிர் நீலச் சாம்பல் தெரிகிறதா என்று பார்க்கவும். கல்லெறிந்து கிளப்புவது கூடாது. நெடுந்தொலைவு பறந்து களைத்து வந்தவை அவை.