தொடர்மாடி பல்கனியிலும் கீரை வரும்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் இருந்துகொண்டு வீட்டுத்தோட்டமா என்று கேட்பவர்கள் கங்குன் கீரையில் தொடங்குங்கள். சந்தையில் வாங்கிய கீரைக்கட்டில் முற்றின தண்டுகளை எறியாமல் தண்ணீரில் வையுங்கள். சில நாளில் கணுவில் வெள்ளை வேர் விடும். அரிசி உரப்பையில் மண்ணும் தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்து நட்டால் மூன்று நாலு கிழமையில் சுண்டலுக்கு வெட்டலாம். பிடுங்க வேண்டாம், அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் திரும்பத் தழைக்கும்.

வல்லாரை வேரோடு கிடைத்தால் போதும், அரை நிழலிலும் வரும். பச்சை மிளகாய்க்குத்தான் நல்ல வெயில் வேண்டும்.

மிளகாய் இலை சுருண்டால் கடை மருந்து தேடாதீர்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரக் கரைசலும் கலக்கி, இலையின் அடிப்பக்கம் படும்படி பின்னேரத்தில் தெளியுங்கள். வல்லாரைச் சம்பலைப் பச்சையாகத்தானே சாப்பிடுகிறோம், அதில் நஞ்சு படவில்லை என்பதே பெரிய நிம்மதி. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது வயல்காரர் பட்ட பாடு வேறு கதை; நாலு சாடிக்கு மரக்கறித் தோலில் செய்த கூட்டெருவே காணும். தண்ணீர் ஊற்றுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். கீரையைத் தள்ளிவைக்கிற பிள்ளையும் தான் வளர்த்ததை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கும்.

அப்புறம், டெங்கு. சாடித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கிழமைக்கொரு தரமாவது தட்டை உரஞ்சிக் கழுவுங்கள். வெறுமனே கவிழ்த்தால் ஓரத்தில் ஒட்டிய நுளம்பு முட்டை போகாது.