புதுச்சேரியில் மரபு நடை: பெரிய வாய்க்காலைத் தாண்டிப் பார்க்க ஒரு வழிகாட்டி

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரைச் சாலையிலும் அதை ஒட்டிய மஞ்சள் சுவர் வீதிகளிலும் சில படங்கள் எடுத்துக்கொண்டு, ஊரைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். ஆனால் பழைய நகரத்தின் பெரும்பகுதி செஞ்சி சாலைக்கும் ஆம்பூர் சாலைக்கும் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் கிழக்குப் பகுதியை வெள்ளை நகர் என்றும் மேற்குப் பகுதியைக் கறுப்பு நகர் என்றும் பிரித்து வைத்தார்கள். வழிகாட்டியோடு நடக்க உங்களிடம் ஒரே ஒரு காலைதான் இருக்கிறது என்றால், அதை மேற்குப் பகுதிக்கே கொடுத்துவிடுங்கள். கடற்கரைப் பக்கத்து வீதிகளைத் துணையில்லாமலே சுற்றிப் பார்த்துவிடலாம்; தமிழர் பகுதியில் எந்த வீட்டின் முன் நிற்க வேண்டும், எதற்காக நிற்க வேண்டும் என்பதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

முன்பதிவு செய்யும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நடை வாய்க்காலைத் தாண்டுமா, தாண்டினால் எந்தெந்த வீதிகளுக்குப் போகும் என்பது முதல் கேள்வி. “தமிழர் பகுதியும் உண்டு” என்று சொல்லிவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு வீதி முனையை மட்டும் காட்டி முடிக்கும் நடைகளும் இருக்கின்றன. தமிழில் விளக்குவார்களா என்பது இரண்டாவது. பல நடைகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன என்றாலும், முன்கூட்டியே சொன்னால் தமிழில் ஏற்பாடு செய்து தருகிறவர்கள் உண்டு; திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் பேச்சில் கலந்துகொள்வது அப்போதுதான் நடக்கும். மூன்றாவது, குழுவில் எத்தனை பேர் என்பது. வீதிகள் குறுகலானவை, இரு சக்கர வாகனங்கள் ஓயாமல் வந்து போகும் என்பதால், பத்துப் பேருக்கு மேல் போனால் பின்வரிசையில் நிற்பவருக்கு ஒன்றும் காதில் விழாது. பழைய கட்டடங்களையும் கலை மரபையும் பாதுகாக்க 1984-இல் தொடங்கப்பட்ட இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை இங்குள்ள பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டு, பலவற்றைப் பழுதுபார்க்கவும் துணை நின்றது. அந்தப் பட்டியலோடு பழக்கமுள்ள வழிகாட்டி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

புறப்படுமுன் இரண்டு சம்பவங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் வழியில் கேட்பதெல்லாம் தானாகவே ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். முதலாவது, 1693 முதல் 1699 வரை ஊர் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கையில் இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக நூல் பிடித்தாற்போல் செல்லும் இந்த வீதி அமைப்பைப் பிரெஞ்சுக்காரர்களின் கைவண்ணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் திட்டத்துக்கு ஒல்லாந்தர் வரைபடத்தோடு உறவு உண்டு. இரண்டாவது, 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து, கோட்டையையும் வெள்ளை நகரையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்த பிறகுதான் ஊர் மறுபடியும் எழுந்தது. ஆகையால் வெள்ளை நகரில் ஒரு மாளிகையைக் காட்டி “முந்நூறு வருடத்துக் கட்டடம்” என்று எவராவது அடித்துச் சொன்னால், அதன் பிறகு அவர் சொல்லும் ஆண்டுகளைச் சற்று எச்சரிக்கையோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

நடையை வைசியாள் வீதியில் தொடங்கச் சொல்வது என் பரிந்துரை. கலவை சுப்பராய செட்டியார் பெயரும் இந்த வீதிக்கு உண்டு. இங்கே வரிசையாக நின்ற வீடுகளின் முகப்புகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு சீரமைத்தார்கள். அந்தப் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது வரிசையில் பாராட்டு கிடைத்தது. ஒரு தமிழ் வீடு தெருவோடு எப்படிப் பேசுகிறது என்பதை இந்த வீதியில் படித்துக்கொண்டால், மற்ற வீதிகளில் எது குறைந்திருக்கிறது என்று கண் தானே கண்டுபிடித்துவிடும்.

பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் தெருவை ஒட்டி, தூண்கள் தாங்கிய சரிவான ஓட்டுக்கூரை; அதுதான் தாழ்வாரம். அது வீட்டுக்காரரின் உடைமை என்றாலும் வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் ஒதுங்குவதற்கென்றே விடப்பட்டது. அதன் பின்னால் மேடையாக எழும் திண்ணை, வீட்டுக்கு வந்தவர் உட்காரும் இடம். பிறகு செதுக்கு வேலைப்பாடுள்ள வாசற்கதவு. அது திறந்திருந்தால் நேர்கோட்டில் முற்றமும், முற்றத்தைச் சுற்றி மரத்தூண்களும் தெரியும். பக்கத்து வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்பதால் ஒரு வீட்டின் தாழ்வாரம் அடுத்ததன் தாழ்வாரத்தோடு சேர்ந்து, வீதியின் நீளத்துக்கும் ஒரே நிழலாகிவிடுகிறது. இன்று பல வீடுகளில் தாழ்வாரத்துக்குக் கம்பிக் கதவு போட்டு வண்டி நிறுத்துகிறார்கள். அப்படி ஒரு வீடு அடைபட்டதும் நடக்கிறவர் வெயிலுக்கு இறங்க வேண்டியதாகிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே இதற்கு நேர் எதிர். தெருவை ஒட்டி உயரமான மதில், தலையில் அலங்காரத்தோடு இரண்டு வாயில் தூண்கள், உள்ளே தோட்டம், அதன் பின்னால்தான் வீடு. அங்கே தெருவில் நடக்கிறவருக்கு ஒதுங்க இடமே கிடையாது.

இவ்விரண்டும் கலந்த வீடுகளே இந்த ஊரின் தனிச்சொத்து. கீழ்த்தளத்தில் தாழ்வாரமும் திண்ணையும், மேல்தளத்தில் வளைவு ஜன்னல்களும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்களும் சுதை வேலைப்பாடும் இருக்கும். அப்படி ஒரு வீட்டின் எதிரே நின்று, தரையிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு பகுதியாக விளக்கச் சொல்லிக் கேளுங்கள். நடையில் இதற்குச் செலவிடும் கால் மணி நேரம் வீணாகாது. சுவரின் அடிப்பகுதியையும் குனிந்து பாருங்கள். சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் பிற்காலத்தில் சிமென்ட் பூசியிருந்தால், உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உப்பி, முழங்கால் உயரம் வரை தாள் தாளாக உரிந்து நிற்கும்.

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. கீழே மரத்தூண்கள் கொண்ட தமிழ் முற்றம், மேலே வெள்ளைத் தூண்களோடு பிரெஞ்சுப் பாணி. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைநிலையாளராகவும் இருந்த பிள்ளை 1736 முதல் எழுதி வந்த நாட்குறிப்பு, பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த மிக நெருக்கமான சாட்சியம். ஊர் விழுந்த அதே மாதத்தில் அவரும் காலமானார். இது தனியார் வீடு. முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அனுமதி வாங்கித் தர முடியுமா என்று வழிகாட்டியிடம் சில நாள்களுக்கு முன்பே கேட்டு வையுங்கள், நடையின் நடுவில் கேட்டுப் பயனில்லை.

அந்த நாட்குறிப்பு உயிரோடு எழுந்து வரும் இடம் மிஷன் வீதியில் ஊரார் சம்பா கோயில் என்று சொல்லும் பேராலயம். இப்போதுள்ள கட்டடம் 1791-இல் முடிந்தது. இதன் அருகில்தான் பழைய வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748-இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில் துய்ப்ளேயின் ஆட்சி அதை இடித்தது. பிள்ளை அதை வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் எழுந்த கோயில் ஈசுவரன் கோயில் வீதியில் இருக்கிறது. இரண்டு இடங்களையும் ஒரே நடையில் பார்க்கும்படி பாதையை அமைக்கச் சொல்லுங்கள். இந்தச் செய்தியைச் சொல்லாமல் பேராலயத்தின் முகப்பழகை மட்டும் விவரித்து நகர்கிற வழிகாட்டி, எனக்குத் தெரிந்தவரை பாதி வேலைதான் செய்கிறார்.

கதைகளைக் கேட்கும்போது, எது ஆவணம், எது ஊர்வழக்கு என்று தயங்காமல் கேட்கலாம். பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தின் கதை நல்ல உதாரணம். கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்து ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது வழிவழியாக வரும் கதை. முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததும், அதன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் மண்டபம் எழுந்ததும் வரலாறு. இரண்டையும் சொல்லி, இடையில் கோடு போட்டுக் காட்டுகிறவரே நல்ல வழிகாட்டி.

டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை நடக்க ஏற்ற காலம். எந்த மாதமானாலும் காலை ஆறரை மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுவது உத்தமம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை கூடுவதால், அதைக் குறுக்கே கடக்கும் நடைகளுக்கு அந்த நாள் ஏற்றதல்ல. கோயிலுக்குள் நுழையும்போது கழற்ற வசதியான செருப்பு போதும். திண்ணையில் மனிதர்கள் இருந்தால் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்; திருமணப் படப்பிடிப்புகளால் அந்த வீட்டார் ஏற்கெனவே சலித்துப் போயிருக்கிறார்கள். கட்டணத்தில் நுழைவுச் சீட்டுகள் அடங்குமா என்பதை முன்பே பேசிவிடுங்கள். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் குடியிருந்த வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் இன்று அரசு அருங்காட்சியகங்கள். நடை முடிந்த கையோடு அவற்றுக்குப் போவதாக இருந்தால் திங்கட்கிழமையைத் தவிருங்கள். அன்று பொதுவாக அவை மூடியிருக்கும்.