61 கட்டை கீபோர்டில் பியானோ: முதல் மூன்று மாதம் எப்படிப் பழகுவது?

பியானோ பழக வீட்டுக்குப் பியானோவே வரவேண்டியதில்லை. 61 கட்டை உள்ள சாதாரண கீபோர்டு முதல் ஒரு வருடத்துக்குத் தாராளம். வாங்கும்போது இரண்டு விஷயங்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதலாவது, டச் ரெஸ்பான்ஸ். அதாவது, மெல்லத் தொட்டால் சன்னமாகவும் அழுத்தி அடித்தால் பலமாகவும் ஒலிக்க வேண்டும். இது இல்லாத கீபோர்டில் எப்படி அடித்தாலும் ஒரே சத்தம்தான். எந்த விரல் சோம்பேறி என்று காதுக்குத் தெரியவே தெரியாது. இரண்டாவது, கட்டையின் அகலம். அடுத்தடுத்த ஏழு வெள்ளைக் கட்டைகளை ஸ்கேல் வைத்து அளந்தால் ஏறத்தாழ 16.5 செ.மீ. வரவேண்டும். மினி கட்டையில் பழகிய கை பெரியதில் தடுமாறும். பெட்டியில் போட்டிருக்கும் நானூறு ஐந்நூறு ஒலிகளைப் பார்த்து மயங்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பியானோ ஒலி.

படி 1: உட்காருவது

வெள்ளைக் கட்டையும் முழங்கையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். சாப்பாட்டு மேசையே சுமார் 75 செ.மீ. உயரம், அதன்மேல் கீபோர்டை வைத்தால் தோள் தானாகத் தூக்கிக்கொள்ளும், பத்தே நிமிடத்தில் கழுத்து வலிக்கும். உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்ட் வாங்குங்கள், அல்லது நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்துங்கள்.

படி 2: கட்டைகளை அறிவது

கருப்புக் கட்டைகள் இரண்டாகவும் மூன்றாகவும் கூட்டமாக நிற்கும். இரட்டைக் கருப்புக்கு ஒட்டி இடப்பக்கம் உள்ள வெள்ளைதான் சி (C). பாட்டு வகுப்பில் சொல்லும் ‘ஒரு கட்டை’ சுருதி இதுதான். அங்கிருந்து வெள்ளைகள் 1 முதல் 7 வரை. இடையிலுள்ள கருப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அங்கே கருப்பே கிடையாது. ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், கண் அதிலேயே நின்றுவிடும். இடமிருந்து மூன்றாவது சி-யை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நடு சி அதுதான்.

படி 3: வலது கை

இரண்டு கைக்கும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. நடு சி-யை ச என்று வைத்து வெள்ளைக் கட்டைகளில் மட்டும் ஏறினால் சங்கராபரணம்; மேற்கத்திய கணக்கில் சி மேஜர். விரல்கள்: ச ரி க என்பதற்கு 1-2-3, பிறகு ம ப த நி ச என்பதற்கு 1-2-3-4-5.

எல்லோரும் இடறுவது க-விலிருந்து ம-வுக்குப் போகும் இடத்தில்தான். கட்டைவிரல் கடைசி நொடி வரை காத்திருந்துவிட்டுத் தாவுகிறது, முழங்கை வெளியே வீசுகிறது, ம மட்டும் ‘டங்’ என்று விழுகிறது. ரி-யை அடிக்கும்போதே கட்டைவிரலை உள்ளங்கைக்குக் கீழே நகர்த்தத் தொடங்குங்கள்.

மெட்ரோனோமை (சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் தாளக் கருவி) 60-ல், அதாவது நிமிடத்துக்கு 60 தட்டு என்று வையுங்கள், தட்டுக்கு ஒரு ஸ்வரம். பழகியதும் வேகத்தைக் கூட்டாமல் அதே 60-ல் இரண்டாம் காலம், அதாவது தட்டுக்கு இரண்டு. அடுத்து ஜண்டை வரிசை: சச ரிரி கக மம. இரண்டாவது ச காணாமல் போகிறதா? பெரும்பாலும் பழுது கீபோர்டில் இல்லை. கட்டை போதிய அளவு மேலே எழுந்தால்தான் மறுபடி ஒலிக்கும். நீங்கள் விரலை எடுக்கவில்லை.

படி 4: இரண்டு கையும்

இரு கையையும் ஒரே திசையில் ஏற்றிப் பார்த்துச் சோர்ந்து விடுபவர்களே அதிகம். அப்போது வலது கை 1-2-3-1 என்று போக, இடது கை 5-4-3-2-1-3-2-1 என்று போகும். மூளை குழம்பாமல் என்ன செய்யும்? எதிரெதிர்த் திசையில் தொடங்குங்கள். வலது கட்டைவிரல் நடு சி-யில், இடது கட்டைவிரல் அதற்குக் கீழுள்ள சி-யில். வலது ஏறட்டும், இடது இறங்கட்டும். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே விரல், 1-2-3-1-2-3-4-5. இடது கை கீபோர்டின் கடைசிக் கட்டையில் சரியாக முடியும்.

இது தடையில்லாமல் வந்ததும் ரி-யையும் த-வையும் ஒன்றரை, ஐந்தரைக் கருப்புகளுக்கு மாற்றுங்கள். சரளி வரிசை பாடிய எவருக்கும் தெரிந்த மாயாமாளவகௌளை வந்துவிடும். வலது கைக்கு விரல் கணக்கு மாறாது. இடது கையை மட்டும் தனியாக, ஏறுமுகமாக, 5-4-3-2-1-3-2-1 என்று பழகுங்கள்.

படி 5: கார்டுகள்

கார்டு என்றால் சில ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து அடிப்பது. இடது கைக்கு மூன்று போதும், மூன்றும் வெள்ளைக் கட்டைகளில்தான். சி கார்டு: ச-க-ப (5-3-1). எஃப் கார்டு: ச-ம-த (5-2-1). ஜி கார்டு: கீழ் நி-ரி-ப (5-3-1). சி-யிலிருந்து எஃப்-க்கு மாறும்போது சுண்டுவிரல் அசையாது. ஜி-க்கு மாறும்போது கட்டைவிரல் அசையாது. நடு சி-க்குக் கீழுள்ள சி-யை ச-வாக வைத்து வாசியுங்கள். இன்னும் கீழே போனால் ஒலி குழம்பும்.

ஒலியை நீட்டிக்கும் கால் பெடல் இருந்தால், அதைச் செருகிய பிறகே கீபோர்டை ஆன் செய்யுங்கள், காலை எடுத்துவிட்டு. பல மாடல்கள் அந்த நொடியில் பெடல் இருக்கும் நிலையைத்தான் ‘மிதிக்காத நிலை’ என்று எடுத்துக்கொள்ளும். மிதித்தபடி ஆன் செய்தால் எல்லாம் தலைகீழாகும்.

கீபோர்டு தானாக வாசிக்கும் ஆட்டோ ரிதத்தில் மேளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தானியங்கிக் கார்டை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் இடது கை வெறும் சுவிட்சாகிவிடும். வாரம் ஒருமுறை ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். இடது கையில் கார்டு மாறும் இடத்தில், ஸ்வரம் வாசிக்கும் வலது கை தயங்கினால், அந்த இரண்டு கார்டை மட்டும் எடுத்து, மெட்ரோனோம் 50-ல், இடது கையைத் தனியாக இருபது முறை மாற்றிப் பாருங்கள்.