போனில் இருக்கும் கண் வேறு, உங்கள் கண் வேறு

தண்டையார்பேட்டையில் என் பார்லருக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் நாற்காலியில் உட்காரும் முன்பே போனை நீட்டிவிடுவார்கள். "இந்த மாறி வச்சி வுடுக்கா." திரையில் ஒரு கண், அதில் விசிறி போல விரிந்த கறுத்த இமை முடி. அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரி துபாயிலோ கொரியாவிலோ இருப்பாள். படம், எக்ஸ்டென்ஷன், அதாவது செயற்கை இமை முடி, ஒட்டி முடித்த அடுத்த நிமிடத்தில் எடுத்தது. பத்து நாள் கழித்து அந்த இமை எப்படி இருந்தது என்று யாரும் படம் போடுவதில்லை.

அடுத்த கேள்வி, "கிளாசிக் நல்லதா, வால்யூம் நல்லதா?" எம்.சி. ரோட்டில் ஒரு கடைக்குள் போய் பட்டு நல்லதா, காட்டன் நல்லதா என்று கேட்டால், "என்ன விசேஷம்மா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். எத்தனை நாளைக்கு வேண்டும்? கண்ணாடி போடுகிறீர்களா? வண்டி ஓட்டுகிறீர்களா? உங்கள் சொந்த இமை முடி எவ்வளவு தாங்கும்? இவற்றுக்குப் பதில் இல்லாமல் வகைகளை ஒப்பிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் ஆரம்பிக்கின்றன.

முதலில் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளாசிக் என்றால் உங்கள் ஒரு முடிக்கு ஒரு செயற்கை முடி. வால்யூம் என்றால் மிக மெல்லிய முடிகள் சிலவற்றை விசிறியாக்கி, அந்த விசிறியை உங்கள் ஒரு முடியில் ஒட்டுவது. இரண்டையும் கலந்தால் ஹைப்ரிட். விசிறியில் முடி எண்ணிக்கை பத்து, பதினைந்து என்று ஏறினால் மெகா வால்யூம். ஸ்ட்ரிப் இந்தக் கணக்கில் சேராது. அது இமைத் தோலின் ஓரத்தில் காலையில் ஒட்டி இரவில் கழற்றும் பட்டை. லேஷ் லிஃப்டில் எதையும் ஒட்டுவதே இல்லை, உங்கள் முடியையே மருந்து போட்டு மேல்நோக்கி வளைத்து விடுவார்கள்.

இப்போது எல்லோரும் செய்யும் தவறுக்கு வருவோம். "வால்யூம் கனமா இருக்கும்கா, முடி கொட்டிடும், கிளாசிக்கே போதும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு வேறு மாதிரி போகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் கனம் நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 0.15 மி.மீ. தடிமன் உள்ள ஒரு கிளாசிக் முடியின் கனத்தை 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நீளத்தில் 0.05 மி.மீ. முடியின் கனம் வெறும் 1. அப்படியானால் ஐந்து மெல்லிய முடி கொண்ட விசிறி, அந்த ஒற்றைக் கிளாசிக் முடியைவிட லேசு. ஆனால் அதே விசிறியை 0.07 முடியில் செய்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 ஆகிவிடும், ஐந்து சேர்ந்து 10. கிளாசிக்கைத் தாண்டிவிட்டது. காசிமேட்டில் வலையோடு புழங்குகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, நைலான் நரம்பு கொஞ்சம் தடித்தால் வலை எவ்வளவு கனக்கும் என்று அவர்கள் கைக்கே தெரியும்.

அதனால் "வால்யூமா, கிளாசிக்கா" என்பதோடு நிற்காமல் "என்ன தடிமன், எத்தனை முடி, என்ன நீளம்" என்று கேளுங்கள். செயற்கை முடி வரும் டப்பாவின் மேல் தடிமன், வளைவு, நீளம் மூன்றும் அச்சிட்டிருக்கும். அதைக் காட்டச் சொன்னால் எந்த பார்லர்காரியும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் வேறு பார்லர் பாருங்கள். நீளத்தைப் பொறுத்தவரை உங்கள் முடியைவிட இரண்டு, மூன்று மி.மீ. அதிகம் இருந்தால் போதும். மெலிந்த முடி உள்ளவர்கள் 0.20 கிளாசிக்கின் பக்கமே போக வேண்டாம். அது 0.15-ஐவிட முக்கால் பங்குக்கும் மேல் அதிகக் கனம். வாரக்கணக்கில் சுமந்தால் வேர் இழுபடும், பிறகு அந்த இடத்தில் முடி வளரவே யோசிக்கும்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது இன்னொன்று. 'மிங்க்', 'சில்க்' என்றெல்லாம் டப்பாவில் போட்டிருப்பார்கள். சௌகார்பேட்டையிலிருந்து வரும் ஒரு அம்மா, எதை எடுத்தாலும் "இது மிருகத்தோட முடியா?" என்று கேட்டுவிட்டுத்தான் படுப்பார். நியாயமான கேள்வி, மிங்க் என்பது நீர்நாய் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பிராணி. ஆனால் இன்று விற்கும் பெரும்பாலான மிங்க், சில்க் எல்லாமே செயற்கை இழைதான், ஒருவகை பாலியெஸ்டர். பெயர் மினுமினுப்பையும் மென்மையையும் சொல்கிறது, அவ்வளவுதான். நிஜ மிங்க் முடியும் சந்தையில் உண்டு, வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பெயருக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே மோசமான தவறு கிளஸ்டரை வால்யூம் என்று நம்பி ஒட்டிக்கொள்வது. கிளஸ்டர் என்பது அடியில் முடிச்சுப் போட்டாற்போல் வரும் கொத்து. ஒரு பொழுதுக்கு ஒட்டி எடுக்க வேண்டிய அதை, எக்ஸ்டென்ஷன் பசையில் தோய்த்து நாலைந்து முடிகளின் மேல் ஒரே அப்பாக அப்பிவிட்டு, அரை மணி நேரத்தில் "வால்யூம் முடிஞ்சுது" என்று அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் இமை முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. ஒன்று இன்று முளைத்தது, பக்கத்தில் இருப்பது நாளை உதிரப் போவது. நாலைச் சேர்த்துக் கட்டினால், வளர்கிற முடி நிற்கிற முடியை இழுக்கும், உதிர்கிற முடி மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரு வாரத்தில் இமை ஓரத்தில் சுருக் சுருக்கென்று குத்துவது இதனால்தான்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். முடித்தவுடன் சின்ன பிரஷ்ஷால் அடியிலிருந்து மேலே சீவிப் பாருங்கள். ஒவ்வொரு முடியும் தனித்தனியாகப் பிரிந்து நிற்க வேண்டும். இரண்டு மூன்று சேர்ந்தே நகர்ந்தால் அங்கேயே பிரிக்கச் சொல்லுங்கள். நேரமும் ஒரு அடையாளம்தான். ஒழுங்காகத் தனித்தனியாக ஒட்டினால் முழு செட் முடிய ஒன்றரை மணி நேரமாவது ஆகும், வால்யூம் என்றால் இரண்டு, மூன்றும் ஆகலாம்.

கண்ணின் அமைப்பு பற்றியும் கொஞ்சம். 'கேட் ஐ' என்று ஓரத்தில் நீளம் கூட்டும் பாணிக்கு இப்போது ஏகப்பட்ட கிராக்கி. வெளி ஓரம் இயல்பாகவே கீழே சாய்ந்த கண்ணுக்கு அதைப் போட்டால், அழுது முடித்த முகம் மாதிரி ஆகிவிடும். அவர்களுக்கு நடுவில் நீளம் வைத்து ஓரத்தைக் குறைப்பதுதான் எடுப்பாக இருக்கும். வளைவுக்கு எழுத்துப் பெயர் உண்டு. ஜே கிட்டத்தட்ட நேராக இருக்கும், பி, சி, டி என்று போகப் போக வளைவு கூடும். கண்ணாடி போடுகிறவர்கள் நீளத்தோடு டி வளைவையும் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு கண் சிமிட்டும்போதெல்லாம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினால் எனக்கு எப்படித் தெரியும்? போட்டுக்கொண்டே வாருங்கள்.

நம்மில் நிறையப் பேருக்கு முடி அடர்த்தியாகத்தான் இருக்கிறது, ஆனால் நேராகக் கீழ்நோக்கி இருப்பதால் வெளியே தெரிவதில்லை. அவர்களுக்கு எதையும் ஒட்ட வேண்டாம், லிஃப்ட் போதும் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். வருமானம் போச்சு, சரி.

கல்யாணக் கணக்கில் வரும் குளறுபடி தனி. நம் பக்கம் முந்தின நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் விடியலில் முகூர்த்தம். அதற்கு முன்னால் நலங்கு. நலங்கில் எண்ணெய், மஞ்சள், தண்ணீர் எல்லாம் முகத்தில்தான் விழும். நலங்குக்கு முந்தின நாள் எக்ஸ்டென்ஷன் ஒட்டிக்கொண்டால், பசை முழுசாகப் பிடிக்கும் முன்பே எண்ணெய் இறங்கிவிடும். நலங்கை முடித்து, தலைக்குக் குளித்து, முகத்தில் எண்ணெய்ப் பசையே இல்லாமல் வாருங்கள். ஒட்டிய முதல் ஒரு நாள் நனைக்க வேண்டாம். அதனால் ரிசப்ஷனுக்கு ஒரு நாள் இடைவெளி விட்டு ஒட்டுவதுதான் வசதி. மேக்கப் போட வருகிறவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். தெரியாமல் மேலே வாட்டர்புரூஃப் மஸ்காரா அடித்துவிட்டு, இரவில் அதை எடுக்க எண்ணெயும் பஞ்சுமாக அவர் தேய்க்க, பாதி இமை பஞ்சோடு போன கதை உண்டு. ஓமப் புகையில் கண் எரிந்தால் ஒற்றி எடுங்கள், கசக்காதீர்கள்.

தொழுகைக்கு முன் ஒளு செய்கிறவர்கள் முகத்தை ஒரு நாளில் பலமுறை நனைக்க வேண்டியிருக்கும். ராயபுரத்திலிருந்தும் மண்ணடியிலிருந்தும் வருகிறவர்களிடம் இதை முதலிலேயே பேசிவிடுவேன். பலர் கழற்றி மாட்டும் ஸ்ட்ரிப்பே போதும் என்று முடிவு செய்வார்கள்.

எங்கள் பக்கத் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பசை சயனோஅக்ரிலேட் வகை. அது காற்றில் உள்ள ஈரத்தால்தான் இறுகும், ஃபேன் காற்றில் காயும் பசை அல்ல. பாட்டிலில் ஈரப்பதம் இவ்வளவு இருக்கட்டும் என்று போட்டிருப்பார்கள், பெரும்பாலும் 40-க்கும் 60 சதவீதத்துக்கும் இடையில். கடல் பக்கத்தில் இருக்கும் நமக்கு மழைக்காலத்தில் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். நான் தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு கத்திரி வெயில் நாள், பாதி கண் முடிந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஏ.சி. நின்றதும் ஈரம் ஏறி அறை வேக ஆரம்பித்தது. 'முடித்துவிடலாம்' என்று பிடிவாதமாக ஒட்டினேன். பசை முடியைத் தொடும் முன்பே, இடுக்கியின் நுனியிலேயே இறுகியது. ஏ.சி.யில் ஒட்டிய வலது கண் மூன்று வாரம் நின்றது, இடது கண் நாலாம் நாளே வழுக்கை. அந்தப் பெண் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இப்போது ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், கரண்ட் போனால் வேலையை நிறுத்திவிடுவேன். நீங்கள் போகும் இடத்தில் அப்படி ஒரு மீட்டர் இருக்கிறதா என்று ஒரு பார்வை விடுங்கள். பசை எப்போது திறந்தது என்றும் கேட்கலாம். திறந்து பல மாதம் ஆன பசையை வைத்துக்கொண்டு எந்த வகையையும் குறை சொல்லிப் பயன் இல்லை.

ஒவ்வாமையும் இந்தப் பசையால்தான் வரும். இரண்டு நாள் முன்பே வந்து ஓரத்தில் நாலைந்து முடி மட்டும் ஒட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் பேட்ச் டெஸ்ட். "போன தடவ ஒண்ணும் ஆவலயே" என்பது உத்தரவாதம் ஆகாது, பலமுறை ஒத்துக்கொண்டவர்களுக்கும் ஒரு நாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகும். ஒட்டும்போது எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள். இமை வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ பார்லருக்கு போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், கண் டாக்டரிடம் போங்கள். எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது, நமக்கு ஒரு பஸ் தூரம்தான்.

அப்புறம் கழுவுவது. "தண்ணி பட்டா வுழுந்துடும்" என்று பயந்து மூன்று வாரம் கண் பக்கமே தண்ணீர் காட்டாதவர்கள் இருக்கிறார்கள். மணலி, எண்ணூர் பக்கமிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் வருகிறவர்களின் இமை வேரைப் பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால் சாம்பல் படிந்த மாதிரி இருக்கும். அழுக்கும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் இமை ஓரம் சிவந்து அரிக்கும், செதில் செதிலாக உதிரும். முதல் நாள் தாண்டியதும் எண்ணெய் இல்லாத நுரையால் தினமும் மெதுவாகக் கழுவ வேண்டும். மெல்லிய முடி நெருக்கமாக நிற்கும் வால்யூம்தான் தூசியை அதிகம் பிடித்து வைக்கும், அதனால் கழுவச் சோம்பல்படுகிறவர்கள் கிளாசிக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தினம் இரண்டு மூன்று முடி உதிர்வது இயல்பு, அதனால்தான் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரீஃபில், அதாவது உதிர்ந்த இடத்தில் மறுபடி ஒட்டுவது. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் பிய்க்காதீர்கள். பசையைக் கரைக்கும் கிரீம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் அக்கா கல்யாணத்துக்காக மெகா வால்யூம் கேட்டு வந்தாள். விடிந்தால் ரிசப்ஷன், பேட்ச் டெஸ்டுக்கு நேரம் இல்லை, முடியும் மெலிசு. இரண்டு நாள் கூத்துக்கு எதற்கு இது என்று சொல்லி நல்ல ஸ்ட்ரிப் ஒன்று கொடுத்து, ஒட்டும் விதம், கழற்றும் விதம் எல்லாம் காட்டி அனுப்பினேன். கழற்றியதும் பசையை உரித்துவிட்டுப் பெட்டியில் வை என்று இரண்டு தடவை சொன்னேன். ரிசப்ஷனுக்கு மறுநாள் காலை முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போது வீடியோ கால் போட்டாள். ஸ்ட்ரிப் இரண்டும் அவள் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டுகளுக்கு நடுவே பீரோ கண்ணாடியில் ஒட்டியிருந்தன.